தாய்வீட்டுப் பொத்தான்

ஜன்னல் ஓரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. எனக்கு இந்தப் பையை மடியில் வைக்க இடம் இருந்தால் போதும். உள்ளே அரசாங்கம் கொடுத்த டேப்லெட் இருக்கிறது. கீழே விழுந்தால் அதற்குத் தனியாக ஒரு விசாரணை வைப்பார்கள்.

என் பெயர் தையல்நாயகி. கருவேலங்கோட்டகத்துக் கிராம செவிலியர். ஊரில் நர்சம்மா. எங்கள் வட்டார செவிலியர் சங்கத்துக்குத் தலைவர். தேர்தல் வைத்துத்தான் தலைவரானேன், எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

இந்த டேப்லெட்டைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த அநீதிகளை வரிசையாகச் சொல்லியாக வேண்டும். நடுவில் புகுந்து கேட்காதீர்கள், வரிசை குலைந்துவிடும்.

முதல் அநீதி, சைக்கிள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செவிலியர்களுக்கெல்லாம் சைக்கிள் கொடுத்தார்கள். ஆண்கள் ஓட்டுகிற சைக்கிள். நடுவில் கம்பி. நாங்களோ புடவை. அதை வாங்கிய அதிகாரி தன் வாழ்நாளில் புடவை கட்டிய ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை போலிருக்கிறது. போராடினோம். பெண்கள் சைக்கிள் வந்து சேர்வதற்குள் பாதிப் பேர் கம்பி சைக்கிளை ஓட்டப் பழகிவிட்டார்கள். அவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது அநீதி, கட்டடம். துணை சுகாதார நிலையத்தைச் சுடுகாட்டுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். மாசமாக இருக்கிற பெண் எப்படி வருவாள்? மறியல் செய்தோம். சரி என்று நடுவில் ஒரு சுவர் வைத்தார்கள். பிணம் தெரியாது, புகை மட்டும் வரும்.

மூன்றாவது, தராசு. குழந்தைக்கு எடை பார்க்கிற தராசு எல்லாக் குழந்தைக்கும் அரைக் கிலோ கூட்டியே காட்டும். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால், "உங்க ஏரியாவுலதான் புள்ளைங்க நல்லா இருக்கு, அதுக்குப் போய் ஏன் புகார் குடுக்கறீங்க" என்றார்கள்.

நான்காவது, தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டி. எங்கள் கட்டடத்துக்குக் கரண்டு வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. ஒரு வருடம் அதில் ரிஜிஸ்டர்களை வைத்திருந்தேன், எலி கடிக்காமல் இருக்க.

ஐந்தாவது, பழிவாங்கும் இடமாற்றம். குளிர்பெட்டியைத் தலையில் சுமந்து ஊர்வலம் போனதற்காக என்னைக் கருவேலங்கோட்டகத்துக்குத் தூக்கியடித்தார்கள். பஸ் போகாத ஊர். அந்த ஊர்க்காரர்கள் என்னைத் தங்கமாக வைத்துக்கொண்டார்கள். பிறகு மன்னித்துத் திரும்பக் கூப்பிட்டபோது வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஒரு போராட்டம்தான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன்.

ஆறாவது, இந்தப் பைக்குள் இருப்பது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது பத்து வரைக்கும். அப்புறம் செவிலியர் பயிற்சி. மீதி அறிவு முழுக்கத் துண்டறிக்கையில் வந்தது. முதலில் மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன், பிறகு நானே எழுதினேன். அதனால்தான் இப்படிப் பேசுகிறேன். என் மகன் சொல்வான், "அம்மா, காய்கறிக்காரர்கிட்டயாவது சாதாரணமா பேசு" என்று. காய்கறிக்காரர் சங்கத்துக்கும் நான்தான் துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன், அது அவனுக்குத் தெரியாது.

சரி. போன சித்திரையில் பயிற்சி என்று கூப்பிட்டார்கள். சேந்தங்குழி ஆரம்ப சுகாதார நிலையத்தின் மாடி ஹால், மூன்று நாள். வட்டாரத்துச் செவிலியர் எல்லாரும் வந்திருந்தோம். ஆளுக்கு ஒரு டேப்லெட். இனிமேல் ரிஜிஸ்டர் கிடையாது, ரத்த அழுத்தம், எடை, ஊசி எல்லாம் இதில்தான். அவசரம் என்றால் இதிலேயே டாக்டர் முகம் தெரியும், நோயாளியைக் காட்டிப் பேசலாம். சொல்லிக்கொடுக்க வந்தவர் கோகுல்நாத் என்று ஒரு பையன். சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் அட்டை மாட்டி, வாய் நிறைய மேடம்.

"ரொம்ப சிம்பிள் மேடம்" என்று தொடங்கினார்.

என் அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி, சிம்பிள் என்று சொல்லிக்கொண்டு எது வந்தாலும் பின்னாலேயே இன்னொரு வேலை வரும்.

முதல் நாள் மதியம் ஒரு பழக்கப் பாடம். அவரவர் ஊரில் மாசமாக இருக்கிற பெண்களின் பெயரைத் திறந்து பார்க்கச் சொன்னார். திறந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செலின் என் விரலை எடுத்து வைத்துக் கொடுத்தாள், நான் திறந்தேன். செலின் யார் என்றால் அடுத்த ஊர்ச் செவிலியர், சின்னப் பெண், எங்கள் சங்கத்தில் துணைச் செயலாளர். எல்லாப் பெண்களும் இருந்தார்கள். இலக்கியாவை மட்டும் காணோம்.

இலக்கியா ராசாத்தி மகள். ராசாத்தி எங்கள் தெருக் கோடியில் இட்லிக் கடை வைத்திருக்கிறாள். மகளைத் திருப்பூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில்தான். வளைகாப்புப் போட்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இதையும் அப்படித்தான் கூட்டி வந்திருந்தார்கள். நிறை மாசம். நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன், இரண்டாவது தடவை ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று பார்க்கக் கர்ப்பகால அட்டையைக் கேட்டால், அட்டை மாமியார் வீட்டு பீரோவில் இருக்கிறது. வளையலை எண்ணி எடுத்து வந்தவர்கள் அட்டையை எடுத்து வரவில்லை.

எழுந்து கேட்டேன். "தம்பி, எங்க ஊர்ல ஒரு பொண்ணு இருக்கா. இதுல இல்லையே."

"புகுந்த வீட்டு ஊர்ல பதிஞ்சிருப்பாங்க மேடம்."

"இப்ப தாய்வீட்டுல இருக்கா. புள்ளையப் பெறப் போறது இங்க. பாக்கப் போறது நான்."

"மாத்திக்கலாம் மேடம். அது நாளைக்கு மதியம் வரும், தனிப் பாடமே இருக்கு."

நாளைக்கு.

தம்பி, அந்தச் சொல்லை நான் எத்தனை மேசைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறேன் தெரியுமா? சைக்கிளுக்கும் நாளைக்கு. சுவருக்கும் நாளைக்கு. கரண்டுக்கும் நாளைக்கு. அரசாங்கத்தார் நாளைக்கு என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். இந்தப் பையனுக்குத்தான் தெரியவில்லை, பாவம், யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறார்.

அன்று மாலையே பின்வரிசையில் உட்கார்ந்து துண்டறிக்கையை எழுதி முடித்தேன். அவர் ஏதோ தட்டச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், நான் கவனிக்கவில்லை. "தாய்வீட்டை மறந்த தொழில்நுட்பமே, நீ யாருக்காக?" என்று தலைப்பு. உள்ளே ஒரே ஒரு கோரிக்கை. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைத் தாய்வீட்டு ஊருக்கு மாற்றிக்கொள்ள டேப்லெட்டில் ஒரு பொத்தான் வேண்டும். தாய்வீட்டுப் பொத்தான். பேர் எப்படி? செலினிடம் காட்டினேன். பேர் நன்றாக இருக்கிறது என்றுதான் அவளும் சொன்னாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் வெளிநடப்பு. கோகுல்நாத் திரையை இறக்கி, "இப்ப இடமாற்றம் பத்திப் பாப்போம்" என்று தொடங்குகிறார், சரியாக அந்த நேரத்தில் நான் எழுந்தேன். நேரம் பார்த்து எழுவது ஒரு கலை. என்னுடன் பத்துப் பேர் எழுந்தார்கள். செலின் எழவில்லை. என் புடவையைப் பிடித்து இழுக்கிறாள்.

"அக்கா, அந்தப் பாடத்ததான் இப்ப எடுக்கறாங்க. கேட்டுட்டுப் போய் உக்காரலாமே."

"கேட்டுட்டா கோவம் போயிடும்டி. அப்பறம் எப்படி உக்கார்றது?"

"கோவம் போனா நல்லதுதானக்கா?"

துணைச் செயலாளர் பேசுகிற பேச்சா இது? அவளை உள்ளேயே விட்டுவிட்டுப் போனேன். கருங்காலி என்ற சொல் நாக்கு வரை வந்தது. சின்னப் பெண் என்று விழுங்கிக்கொண்டேன்.

கீழே புங்க மரத்தடியில் உட்கார்ந்தோம். நல்ல நிழல், நல்ல தரை. "தாய்வீட்டை அங்கீகரி" என்று நான் சொல்ல, "அங்கீகரி அங்கீகரி" என்று மற்றவர்கள் சொல்ல, மாடி ஜன்னலெல்லாம் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கோகுல்நாத் தானே தட்டில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். போராட்டத்தை உடைக்க டீ கொடுப்பது பழைய தந்திரம். டீயை வாங்கிக்கொண்டோம், தந்திரத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

"மேடம், உள்ள வந்தீங்கன்னா அஞ்சே நிமிஷத்துல காட்டிடறேன்" என்றார்.

"பேச்சுவார்த்தைக்கு அழைக்கறதா இருந்தா எழுத்து மூலமா அழைங்க."

அந்தப் பையன் என் துண்டறிக்கையின் பின்பக்கத்திலேயே "உள்ளே வாருங்கள் மேடம்" என்று எழுதி நீட்டினார். கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. தேதி இல்லை. தேதி இல்லாத அழைப்பை எந்தச் சங்கம் ஏற்கும்? திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எங்களில் நாலைந்து பேர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று மாடிக்குப் போனார்கள், வரவில்லை. மேலே ஃபேன் இருக்கிறது. இயக்கத்தில் இதெல்லாம் சகஜம்.

அப்போதுதான் போன் அடித்தது. ராசாத்தி.

"நர்சம்மா, இவ காலையிலேருந்து தலை வலிக்குதுங்கறா. இப்ப கண்ணு மங்கலா இருக்காம். வெயில்ல துணி காயப் போட்டா, அதான். கசாயம் வச்சுக் குடுக்கவா?"

நான் கோஷத்தைப் பாதியில் நிறுத்தினேன் தம்பி. நிறை மாசத்தில் தலைவலி, கண் மங்கல். அது வெயில் இல்லை. ரத்த அழுத்தம் தலைக்கு ஏறினால் அடுத்து வலிப்பு வரும். வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

"கசாயம் வேணாம். இடது பக்கமா படுக்க வை. வெளக்க அணைச்சிடு. நான் வந்துட்டே இருக்கேன்."

போராட்டம் ஒத்திவைக்கப்படுகிறது என்று முறைப்படி அறிவித்தேன். கைவிடப்படுகிறது என்று சொல்லவில்லை, ஒத்திவைப்பு. மாடிப்படி பாதி ஏறி, "செலின், வண்டிய எடு" என்று கூப்பிட்டேன். அவளிடம்தான் ஸ்கூட்டி இருந்தது. அவள் டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர் யாஸ்மின், எங்கள் வட்டார மருத்துவ அதிகாரி, மாடியிலிருந்தே பார்த்துவிட்டு, "அக்கா, போனதும் வீடியோல கூப்பிடுங்க" என்றார்கள்.

போகிற வழியில் செலினிடம் அமைப்புக் கட்டுப்பாடு பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். அவள், "அக்கா, பள்ளம் வருது, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் போய்ப் பார்த்தால் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. இலக்கியா சிரிக்கப் பார்க்கிறாள், முடியவில்லை. அழுத்தம் பார்த்தேன். நூற்று அறுபதுக்கு நூற்றுப்பத்து. மறுபடி பார்த்தேன், அதேதான். நான் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நூற்றெட்டு வண்டிக்குச் செலின் போன் போட்டாள்.

இப்போது எந்த ஆஸ்பத்திரி? ராசாத்தி தாலுகா ஆஸ்பத்திரி என்றாள்.

"அங்கதான் என் தம்பி கடை எதுத்தாப்ல இருக்கு. சோறு தண்ணிக்கு ஆவும்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அதுதான் தோன்றியது. பக்கத்தில் இருக்கிறது, ஆபரேஷனும் செய்வார்கள். செலின்தான் கேட்டாள், "இலக்கியா, ஒனக்கு என்ன ரத்தம்?"

"கார்டுல எழுதியிருக்காங்கக்கா."

"கார்டு எங்க?"

"அத்தை பீரோவுல."

"அத்தை எங்க?"

"பழனிக்குப் போயிருக்காங்க. சாவி இடுப்புலயே இருக்கும்."

புருஷனுக்குப் போட்டுப் பார்த்தால் எடுக்கவில்லை. பனியன் கம்பெனி, வேலை நேரத்தில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். அதற்கும் ஒரு சங்கம் வேண்டும், அது வேறு கதை.

"எங்க வீட்டுல எல்லாருக்கும் பாசிட்டிவ்தான்" என்கிறாள் ராசாத்தி, பரம்பரைச் சொத்து மாதிரி.

செலின் டேப்லெட்டை எடுத்தாள். ஏதோ தட்டினாள், இன்னும் ஏதோ தட்டினாள். "ராசாத்தி அக்கா, இலக்கியா போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதச் சொல்லுங்க" என்றாள்.

ராசாத்தி போனை எடுத்து மாராப்புக்குள் வைத்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன்."

"என்னக்கா?"

"ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவியில தெனம் சொல்றான். எங்க சின்ன நாத்தனாருக்கு இப்படித்தான், இனிக்க இனிக்கப் பேசி நம்பரக் கேட்டு, பேங்குல இருந்ததெல்லாம் போச்சு."

"அது பேங்குக்கா. இது ஆஸ்பத்திரி."

"அவனும் இப்படித்தான் வேற ஒண்ணுன்னு சொன்னான்."

தம்பி, வாசலில் வண்டிக்குக் காத்திருக்கிறோம், உள்ளே பெண் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள், இவள் நெஞ்சில் போனை அணைத்துக்கொண்டு நிற்கிறாள். எவ்வளவோ கூட்டத்தை நான் பேசி மடக்கியிருக்கிறேன். இவளுக்கு எந்தப் பேச்சு எடுபடும்? நான் சொன்னேன்: "ராசாத்தி, இந்தப் பொண்ணு பொறந்தப்ப கொடிய அறுத்தது நானு. என்னத் திருடிங்கறியா?"

ராசாத்தி கிட்டே வந்து, என் காதில் மட்டும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நான் செலின் காதில் சொன்னேன். அந்த வீட்டில் இருந்தது நாங்கள் நாலே பேர், அதிலும் ஒருத்தி வயிற்றுப் பிள்ளைக்காரி. இருந்தாலும் ரகசியமாகத்தான் சொன்னோம்.

உடனே திரையில் எல்லாம் வந்து விழுந்தது. எங்கே பதிந்தது, எந்த மாதம் என்ன எடை, ஸ்கேன், எல்லாம். முதல் ஏழு மாதம் அழுத்தம் சரியாக இருந்திருக்கிறது. ஆக, இது புதிதாக ஏறியது. ரத்தம் நெகட்டிவ். லேசில் கிடைக்காத ரத்தம்.

"டாக்டரக் கூப்பிடறேன்" என்றாள் செலின். டாக்டர் யாஸ்மின் முகம் வந்தது. டேப்லெட்டை நான் வாங்கிக்கொண்டேன். சங்கத் தலைவர் இருக்கும்போது துணைச் செயலாளர் பேசுவது முறையில்லை. வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "பெருமதிப்பிற்குரிய வட்டார மருத்துவ அலுவலர் அவர்களுக்கு" என்று தொடங்கிவிட்டேன். பழக்கம்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிப் புடிங்க. ஒங்க மூக்கு மட்டுந்தான் தெரியுது."

தள்ளிப் பிடித்தேன். அழுத்தத்தைச் சொன்னேன், வீக்கத்தைச் சொன்னேன், தலைவலி, கண் மங்கல், ரத்தம். அப்போது மேடைத் தமிழ் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, கட கடவென்று வந்தது.

"வலிப்பு வராம இருக்கற ஊசி வச்சிருக்கீங்களா?"

"என் பையில எப்பவும் இருக்கும்."

"போட்டுடுங்க. தாலுகா வேணாம், அங்க இந்த ரத்தம் இருக்காது. நேரா மெடிக்கல் காலேஜ். நான் இப்பவே பேசிடறேன், எடுத்து வச்சுடுவாங்க."

ராசாத்தி முனகினாள், "அங்க எனக்கு யாரத் தெரியும், சோத்துக்கு என்ன பண்றது" என்று. "நான் கொண்டாரேன்" என்று செலின் சொன்னாள். ஊசி போட்டேன். என் கை ஊசிக்கு மட்டும் எப்போதும் மெத்தென்று இருக்கும், ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். வண்டி வந்தது. நான் கூடவே ஏறிக்கொண்டு, போகும் வழியெல்லாம் இலக்கியாவோடு பேசிக்கொண்டே போனேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சைக்கிள் கதைதான். அவள், "நர்சம்மா, அந்தக் கம்பி சைக்கிள் இப்ப எங்க?" என்று கேட்டாள். கேள்வி கேட்கிறாள் என்றால் நினைவு இருக்கிறது. அதனால் கதையை நீட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை எடுத்தார்கள். கொஞ்சம் சின்னது, ஆனால் அழுகை பெரியது. இலக்கியாவுக்கு ரத்தம் நிறையப் போயிற்று. தயாராக எடுத்து வைத்திருந்தார்கள், ஏற்றினார்கள். தாலுகாவுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள்தான் கேட்டுக்கொண்டேன். அதை விடுங்கள்.

இப்போது வெற்றிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் பயிற்சிக்குப் போனதும் செலினைக் கேட்டேன்.

"நேத்து நீ ராசாத்தி வீட்டுல தட்டுனியே, அது என்ன?"

"இடமாற்றம்க்கா. நீங்க கேட்டதுதான். தாய்வீட்டுக்கு மாத்தறது."

"அது எப்பலேருந்து இருக்கு?"

"நேத்தே இருந்துச்சுக்கா."

பார்த்தீர்களா தம்பி? நேற்று. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்த அதே நேற்று. சைக்கிளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று. சுவருக்கு மூன்று. இது உட்கார்ந்த அன்றைக்கே. எங்கள் சங்க வரலாற்றில் இவ்வளவு சீக்கிரம் வென்ற கோரிக்கை வேறு கிடையாது.

கோகுல்நாத் அடக்கமான பையன். நன்றி சொல்லப் போனால், "மேடம், அது போன வருஷத்துலேருந்தே இருக்கு மேடம்" என்கிறார். நான் சிரித்துக்கொண்டேன். அரசாங்கம் பணிந்து போகும்போதெல்லாம் முன்தேதி போட்டுத்தான் உத்தரவு வெளியிடும். தோற்றது தெரியக் கூடாதல்லவா? இந்த வயதில் அவருக்கு அதெல்லாம் விளங்காது. அவர் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. மீண்டும் ஒரு தடவை முழுப் பயிற்சிக்கும் வர வேண்டும் என்றார்கள். வட்டாரத்தில் வேறு யாரையும் இரண்டாம் தடவை அழைக்கவில்லை, என்னை மட்டும்தான். வெளிநடப்புச் செய்த மற்றவர்களுக்குக்கூட இல்லை. அவர்கள் எல்லாம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பாடத்தைக் கேட்டுவிட்டார்களாம். நல்லது. தலைமைக்குத் தனி மரியாதை உண்டு. வரும் திங்கட்கிழமை போகிறேன்.

இன்றைக்கு எங்கிருந்து வருகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ராசாத்தி வீட்டிலிருந்துதான். பிள்ளைக்கு இன்று பேர் வைத்தார்கள். மாமியார் பழனி விபூதியோடு வந்திருந்தார், அட்டையும் கொண்டு வந்திருந்தார், இனி அதை வைத்து விசிறிக்கொள்ளலாம். என் பேரைத்தான் வைக்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. யார் பேசினார்கள் என்று கேட்காதீர்கள். நான் மறுத்துப் பேச நாலு வரி தயார் செய்து வைத்திருந்தேன். தனிமனிதத் துதி இயக்கத்துக்கு ஆகாது, இது கூட்டுப் போராட்டத்தின் வெற்றி, இப்படி.

ராசாத்தி குழந்தை காதில் மூன்று தடவை சொல்லிவிட்டு, சபைக்கும் சொன்னாள். தயார் செய்த நாலு வரியும் வெளியே வரவில்லை. வாயில் லட்டு இருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். செலின் யார்? எங்கள் சங்கத்தின் துணைச் செயலாளர். துணைச் செயலாளர் பேரை வைத்தால் அது சங்கத்துக்கு வைத்த பேர். சங்கத்துக்குத் தலைவர் யார்? ஆக, கணக்கு நேராகிவிட்டது. லட்டு இன்னொன்று எடுத்துக்கொண்டேன். செலின் மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "துணைச் செயலாளர் அழக் கூடாதுடி" என்று அவள் கையில் ஒன்றைத் திணித்தேன்.

இருங்கள், நான் இறங்குகிற இடம் வருவதற்குள் உங்களால் ஓர் உதவி ஆக வேண்டும். இதோ டேப்லெட். இதில் குழந்தை இன்னும் 'பேபி ஆஃப் இலக்கியா' என்றுதான் இருக்கிறது. இன்றே பேரைப் பதிய வேண்டும். பதியும் இடம் எனக்குத் தெரியும், எழுத்துகளைத் தட்டத்தான் இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் போனில் பின்னி எடுக்கிறீர்களே, தட்டுங்கள். நான் சொல்லச் சொல்ல.

ஆயிற்றா? பொறுங்கள், அந்தப் பச்சைப் பொத்தானை நீங்கள் அமுக்காதீர்கள். அதை நான் அமுக்குவேன். அதற்கு முன் வாசிக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் எதை எழுதினாலும் சபையில் வாசித்து, கேட்டவர்கள் ஆமாம் என்றால்தான் அது பதிவு. கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஓட்டுநரே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். பின் சீட்டில் கோழிக் கூடை வைத்திருக்கிற அம்மா, உங்களுக்கும் கேட்கிறதா? நல்லது. நீங்கள் எல்லாரும் சாட்சி.

குழந்தை, பெண். தாய், இலக்கியா. ஊர், தாய்வீட்டு ஊர், கருவேலங்கோட்டகம். பெயர், செலின்ஸ்ரீ.